எட்டடித்த நேரம்

பிணத்தின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அடித்தவர்களுக்கு அவ்வளவு அனுபவம். மருத்துவமனை ஊழியர் போர்வையைக் கால்பக்கமாக விலக்கியபோதுதான் அடி எங்கே விழுந்தது என்று கண்டக்டருக்குத் தெரிந்தது. உள்ளங்கால் இரண்டும் வீங்கி, வெடித்து, கறுத்துக் கிடந்தன. வலது கால் முட்டிக்குக் கீழே போகக்கூடாத திசைக்குப் போயிருந்தது. தொடையில் குறுக்கும் நெடுக்குமாக விரல் தடிமனில் கோடுகள்.

"லாக்கப்புல தூக்கு மாட்டிக்கிட்டதா எழுதியிருக்காங்க," என்றார் டீச்சர், கையிலிருந்த காகிதத்தைப் படித்தபடி.

"கால்ல மாட்டிக்கிட்டிருப்பார் போல."

நாக்கு தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. வயிறு ஒத்துழைக்கவில்லை. கண்டக்டர் வெளியே ஓடி, சாக்கடையோரம் குனிந்து, காலையில் உள்ளே போனதையெல்லாம் திருப்பிக் கொடுத்தார்.

இருவரும் வேலை போனவர்கள். டீச்சர் பத்தொன்பது வருடம் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தியவர். வினாத்தாளைத் திருடி விற்றது யார் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடிக்கப்பட்டவர் தலைமையாசிரியர். வேலை யாருக்குப் போயிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கண்டக்டர் இருபத்திரண்டு வருடம் பஸ்ஸில் விசில் ஊதியவர். ஒரு பெண்ணைப் படிக்கட்டிலிருந்து தள்ளிவிட்ட மேலதிகாரியை நாலு பேர் பார்க்க அறைந்தார். ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி போட்டு இருவரும் துப்பறியத் தொடங்கி மூன்று வருடம் ஆகிறது. விசிலை மட்டும் கண்டக்டர் இன்னும் சட்டைப்பையில் வைத்திருக்கிறார்.

செத்துக் கிடந்தவர் கடைகளுக்குப் போர்டு எழுதும் பெயிண்டர். போலீஸ் நிலையத்துக்கு எதிர்ச்சுவரில், உள்ளே ஒரு பழ வியாபாரியை அடித்து முடமாக்கியதைப் பற்றி நாலு வரி வெண்பா எழுதினார். எழுதிய சுவரின் ஈரம் காயும் முன்பே அவரையும் அவருடைய தம்பியையும் ஜீப்பில் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் காலையில் அண்ணன் பிணம். தம்பியும் செத்துவிட்டான் என்று நினைத்து கால்வாய்க் கரையில் வீசிவிட்டுப் போனார்கள். அவன் சாகவில்லை. தவழ்ந்தே வந்து அண்ணன் பட்டறைக் கதவில் தலையை முட்டினான். அண்ணி அவனை உள்ளே இழுத்துப் போட்டுப் பூட்டினாள். தாடை உடைந்திருந்தது. பத்து விரலும் நசுங்கியிருந்தன. பேசவும் முடியாது, எழுதவும் முடியாது.

அந்த அண்ணி, பெயிண்டரின் மனைவி, பிணவறைக்கு வெளியே பெஞ்சில் கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளிச் சீருடை தைப்பவள். விரல்கள் புடவை ஓரத்தை மடித்து மடித்துத் தையல் போடுவது மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

"போனவரைக் கொண்டுவர முடியாது டீச்சர். கொழுந்தன் ஒருத்தன்தான் மிச்சம். அவனை மட்டும் காப்பாத்திக் குடுத்துடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அப்போதுதான் ஏட்டையா வந்தார். நிலையத்துத் தலைமைக் காவலர். தொப்பை பெரியது, குரல் சின்னது. கையில் தண்ணீர் பாட்டில். மூடியைத் திறந்து, அவளிடம் நீட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"குடிம்மா. ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே."

அவள் குடித்தாள். ஏட்டையா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து டீச்சரிடம் கொடுத்தார்.

"லாக்கப் சுவத்துல ஆணியால கீறி வச்சிருந்தார் இவர். இன்ஸ்பெக்டர் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிட்டார். அடிக்கிறதுக்கு முன்னால நானே கைப்பட எழுதி எடுத்துட்டேன். மனசு கேக்கலை. படிச்சுப் பாருங்க, நேரம் போட்டிருக்கு. அன்னிக்குக் காலையில ஆறு மணிக்கே எனக்கு டியூட்டி முடிஞ்சுது. எட்டு மணிக்கு ஸ்டேஷன்ல இருந்தது இன்ஸ்பெக்டர் ஒருத்தர்தான்."

இன்ஸ்பெக்டரைப் பற்றி ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கையில் லத்தி இல்லாவிட்டால் தூக்கம் வராத ஆள்.

"தம்பியை நீதிபதி வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சாட்சியா நிறுத்தணும்," என்றார் ஏட்டையா இன்னும் தணிந்த குரலில். "கால்வாய்க் கரையில ஆளைக் காணோம்னு தெரிஞ்சதுலேர்ந்து இன்ஸ்பெக்டர் ஆளுங்க எல்லா வண்டியையும் நிறுத்திப் பார்க்கிறாங்க. போலீஸ் ஜீப்பை மட்டும் நிறுத்த மாட்டாங்க. எங்கே வச்சிருக்கேன்னு சொல்லும்மா. நாலு மணிக்கு நானே கூட்டிட்டுப் போய் ஒப்படைக்கிறேன். எனக்கும் தம்பி இருக்கான்."

அவள் டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் ஒரு நிமிடம் யோசித்துத் தலையசைத்தார். கண்டக்டரும் தலையசைத்தார். அவரை யாரும் கேட்கவில்லை, ஆனாலும் அசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக அவர் பின்னால் தன்னைத்தானே திட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சம் அல்ல. பெயிண்டரின் மனைவி இடுப்பிலிருந்து பட்டறைச் சாவியை எடுத்து ஏட்டையாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

---

மூவரும் மாடி அறைக்கு வந்ததும் டீச்சர் தாளை மேஜைமேல் விரித்தார். மணி மூன்றேகால். எழுத்து குண்டு குண்டாக, நிறுத்தி நிதானமாக எழுதப்பட்டிருந்தது.

*பூட்டிய கூண்டினுள் போட்டுப் புடைத்தார்கள்*
*நீட்டிய கால்கள் நிமிரவில்லை – கேட்டீரோ*
*எட்டடித்த நேரம் எனதுயிர் போகிறதே*
*வீட்டாரே நீரறிவீர் மெய்.*

டீச்சர் இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார். மூன்றாவது தடவை விரலால் மேஜையைத் தட்டிக்கொண்டே படித்தார். பெயிண்டரின் மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"சாகப்போற நேரத்துல வெண்பாவா," என்றார் கண்டக்டர். "எனக்கெல்லாம் சளி பிடிச்சாலே கையெழுத்து கோணிக்கும்."

"கேளுங்க கண்டக்டர். முதல் அடியில எத்தனை ப வருது. பூட்டிய, போட்டு, புடைத்தார்கள். மூணு மோனை, மூணு குத்து. ஒவ்வொரு தொடக்கத்துலயும் ரெண்டாவது எழுத்து ட். சொல்லிப் பாருங்க, நாக்கு மேலே போய் மோதும். பூட், நீட், கேட், வீட். லத்தி விழுற சத்தம் அது. ரெண்டாவது அடியில நீட்டிய, நிமிரவில்லைன்னு மெல்லினம் வந்துடுது. ஆள் துவண்டுட்டார்."

"அடி அடின்னு சொல்றீங்களே, அடின்னா வரியா?"

"ஆமா. நாலு அடி வெண்பா."

"நாலோட விட்டாங்களா அவரை."

"எதுகை, மோனைக்குப் பொதுவா தொடைன்னு பேரு. சீரும் சீரும் சேர்ற இடத்துக்குத் தளை."

கண்டக்டர் விரல் விட்டு எண்ணினார். "அடி, தொடை, தளை. இது இலக்கணமா, ஸ்டேஷன் டைரியா? உங்க புலவர்ங்க எல்லாம் லாக்கப்புல உக்காந்துதான் பேர் வச்சாங்களா?"

"அவரும் இதையேதான் சொல்வாரு," என்றாள் பெயிண்டரின் மனைவி, திரும்பாமலே. "வெண்பா எழுதினா எனக்கு நானே விலங்கு மாட்டிக்கிற மாதிரி, ஆனா இந்த விலங்கை நான்தான் மாட்டுவேன், வேற யாரும் மாட்ட முடியாதுன்னு சொல்லிச் சிரிப்பாரு."

கீழே ஜெராக்ஸ் மெஷின் யாருடைய ஜாதகத்தையோ சான்றிதழையோ துப்பிக்கொண்டிருந்தது.

"ஒண்ணு இடிக்குது," என்றார் டீச்சர்.

"என்ன இடிக்குது?"

"மூணாவது அடி. சீர் சரியா இருக்கு. தளை தட்டலை. அதனாலதான் முதல்ல கவனிக்கலை. ஆனா எதுகை நொண்டுது. எதுகைன்னா ரெண்டாவது எழுத்து ஒண்ணா இருந்தா மட்டும் போதாது. முதல் எழுத்து நீளமா இருந்தா எல்லாத்துலயும் நீளமா இருக்கணும். பூ, நீ, கே, வீ. எல்லாம் நெடில். எட்டடித்தல மட்டும் எ. குறில்."

"அம்மாடி, அந்த மனுஷன் கால் உடைஞ்சு கிடந்திருக்கார். யானைக்கும் அடி சறுக்கும் டீச்சர்."

"சறுக்கினா அதுக்கப்புறம் எழுந்திருக்கக் கூடாது. நாலாவது அடி அதைவிடக் கஷ்டமான நேரத்துல எழுதினது. அங்க வீட்டாரேன்னு நெடில் மறுபடி வந்துடுச்சே. நினைவு தப்பின ஆள் எப்படி ஒரே ஒரு எழுத்துக்கு மட்டும் தப்புவார்?"

பெயிண்டரின் மனைவி பையிலிருந்து அட்டை கிழிந்த நோட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். பெயிண்ட் கறை. பக்கத்துக்கு ஒரு வெண்பா. டீச்சர் ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றின் தொடக்கத்தையும் தடவிக்கொண்டே பக்கம் புரட்டினார். பருப்பில் கல் பொறுக்குகிற வேகம்.

"நாற்பத்தியாறு பாட்டு. ஒரு இடத்துல கூட இந்தத் தப்பு இல்லை."

"எதுகை சரியா வரலைன்னா சோத்துல கையே வைக்க மாட்டாரு," என்றாள் அவள். "ஒரு வார்த்தைக்காக ராத்திரி முழுக்க விளக்கை எரிப்பாரு. நான் திட்டியிருக்கேன். ரொம்பத் திட்டியிருக்கேன் டீச்சர்." இப்போதுதான் அவள் அழுதாள். துக்கம் எந்த வாசல் வழியாக வரும் என்று யாருக்கும் தெரியாது.

அழுகையைக் கண்டால் கண்டக்டருக்கு ஏதாவது பேசியாக வேண்டும்.

"சரி, எழுதினவர் தப்புப் பண்ணலை. அப்ப பார்த்து எழுதினவர்?"

டீச்சர் நிமிர்ந்தார்.

"எட்டுக்குப் பதிலா நெடில் எது வரும்?" என்று கண்டக்டர் தொடர்ந்தார். "பஸ்ஸுல டிக்கெட்ல நம்பர் அழிஞ்சிருந்தா, முன்னாடி டிக்கெட்டையும் பின்னாடி டிக்கெட்டையும் பார்த்து நடுவுல என்னன்னு சொல்லிடுவோம். அந்த மாதிரி."

"எ-வை நீட்டினா..." டீச்சர் பாதியில் நிறுத்தினார்.

பெயிண்டரின் மனைவி எழுந்து வந்தாள். போர்டு எழுதுகிறவனுடன் பதினாறு வருடம் வாழ்ந்தவள். அவன் சாரத்தில் நிற்கும்போது கீழேயிருந்து எழுத்து கோணலா இல்லையா என்று சொன்னவள். மேஜையிலிருந்த பேனாவை எடுத்து, மூன்றாவது வரியின் முதல் எழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வால் போட்டாள். வேறு எதையும் தொடவில்லை.

*ஏட்டடித்த நேரம் எனதுயிர் போகிறதே.*

கண்டக்டர் அதை எழுத்துக் கூட்டிப் படித்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து கொடுத்த கை அவர் கண்முன்னால் வந்தது.

"கொழுந்தன்," என்றாள் அவள். குரல் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கண்ணைத் திறந்தப்பல்லாம் ஏ… ஏ…ன்னு இழுத்தான் டீச்சர். வலியில முனகுறான்னு நெனச்சேன். இன்ஸ்பெக்டராடான்னு கேட்டேன். தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டான். அதையும் வலின்னுதான் நெனச்சேன்."

"தாடை உடைஞ்சவனுக்கு ட்டு வராது. ஏ மட்டும்தான் வரும்." டீச்சர் ஏற்கனவே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். "சுவத்துல பாட்டு இருந்தது ஸ்டேஷன்ல மத்தவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். பாட்டே இல்லைன்னு சொன்னா சந்தேகம் வரும். அதனால நகல் எழுதும்போது வாலை மட்டும் அறுத்துட்டு, நேரத்தைக் காட்டி இன்ஸ்பெக்டர் தலையில கட்டியாச்சு. அதைக் கொண்டுவந்து குடுத்த நல்லவர்கிட்ட நாம சாட்சியையும் குடுத்தாச்சு."

"பாலுக்குப் பூனையைக் காவல் வச்சோம்," என்றார் கண்டக்டர். அவருக்கு அது வேடிக்கையாகச் சொல்ல வரவில்லை.

மணி மூன்று நாற்பத்தைந்து.

---

கண்டக்டரின் ஸ்கூட்டருக்கு அவரைவிட வயது அதிகமாகத் தெரியும். மூன்று பேரும் ஏறினார்கள்.

"மூணு பேர் போனா போலீஸ் பிடிக்கும் டீச்சர்."

"பிடிக்கட்டும். அதுக்குத்தானே போறோம்."

டீச்சர் ஓடும் வண்டியிலேயே போனை எடுத்தார். காற்றில் அவர் பேசுவது துண்டு துண்டாகக் கேட்டது. உங்க மேல கொலைப்பழி. உங்க ஸ்டேஷன் ஆள்தான். நாலு மணிக்கு. போர்டுப் பட்டறை.

"யாருக்குங்க போன்?" என்று கண்டக்டர் கத்தினார்.

"இன்ஸ்பெக்டருக்கு."

"முள்ளை முள்ளால எடுக்கிறது சரி. எடுத்த முள்ளும் நம்ம கால்லயே குத்தினா?"

டீச்சர் போனைப் பைக்குள் போட்டு, "வேகமா போங்க," என்றார்.

பட்டறை பிரதான சாலையில், பஸ் நிறுத்தத்துக்கு நேர் எதிரே. வாசலில் ஜீப் நின்றது. பின்கதவு திறந்திருந்தது. ஏட்டையா அந்தப் பையனின்… இல்லை, பையன் இல்லை, முப்பது வயது ஆம்பளை, ஆனால் அந்த நிலையில் அவனுக்கு வயதே இல்லை… அவனுடைய இரண்டு கக்கத்திலும் கைகொடுத்துப் பின்னோக்கி இழுத்து வந்துகொண்டிருந்தார். முகத்தைச் சுற்றித் துணிக்கட்டு. அதற்கு மேலே கண்கள் மட்டும். உடைந்த கைகளால் அவன் கதவு நிலையைப் பிடிக்கப் பார்த்தான். ஏட்டையா அந்தக் கையின்மேல் பூட்ஸை வைத்து, நின்று, அழுத்தினார். துணிக்குள்ளிருந்து வந்த சத்தத்தைக் கண்டக்டர் சாகும்வரை மறக்கமாட்டார்.

"ஏட்டையா," என்று கூப்பிட்டார் டீச்சர். "நேரத்தோடவே வந்துட்டீங்க."

ஏட்டையா திரும்பினார். மூன்று முகத்தையும் பார்த்தார். பெயிண்டரின் மனைவி கையிலிருந்த தாளைப் பார்த்தார். சின்னக் குரலைத் தேடும் சிரமம் அவருக்கு இனி இல்லை.

"படிச்சவங்க கிட்ட குடுத்தது என் தப்பு."

தம்பியை மூட்டை மாதிரித் தூக்கி ஜீப்புக்குள் எறிந்தார். கண்டக்டர் ஓடினார். சாவியைப் பிடுங்குவது அவருடைய திட்டம். திட்டம் ஓட்டுநர் இருக்கை வரைக்கும் சரியாகப் போனது. லத்தி தோள்பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவில் இறங்கியது. உள்ளே எலும்பு காய்ந்த குச்சி மாதிரி முறிந்தது அவருக்கே கேட்டது. இரண்டாவது அடி வாயில். பற்கள் நாக்கின்மேல் தனியாக உருண்டன. மண்ணில் விழுந்தவரின் விலாவில் ஏட்டையா நிதானமாக உதைத்தார், ஒன்று, இரண்டு, மூன்று, பழகிய வேலை செய்கிறவரின் அலுப்போடு.

டீச்சர் கையில் கிடைத்த டப்பாவைத் தூக்கி எறிந்தார். சிவப்புப் பெயிண்ட். ஏட்டையாவின் முகத்தில் பாதியும் ஜீப் கண்ணாடியில் பாதியும் போனது. அவர் ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மறுகையால் டீச்சரை அறைந்தார். சுவரில் சாய்த்து வைத்திருந்த போர்டுகளின்மேல் டீச்சர் போய் விழுந்தார். ஜீப் உறுமியது.

பெயிண்டரின் மனைவி ஜீப்புக்கு முன்னால் போய் நின்றாள். கையைக் கூட விரிக்கவில்லை. வெறுமனே நின்றாள்.

"தள்ளிப் போ," என்றார் ஏட்டையா.

"ஏத்து," என்றாள் அவள். "வீட்டுல ரெண்டு பேரை முடிச்சாச்சு. என்னை மட்டும் எதுக்கு விட்டு வைக்கறே."

அவர் கியர் போடும் சத்தம் கேட்டது. கண்டக்டர் மண்ணில் முழங்கையால் ஊர்ந்தார். கத்தினால் வாயில் ரத்தம்தான் வந்தது. சாலையில் ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது, நிறுத்தத்தைத் தாண்டிப் போகிற வேகத்தில், மூச்சுமுட்டும் கூட்டத்தோடு. அவருடைய நல்ல கை தானாகவே சட்டைப்பைக்குள் போனது. விசிலை உடைந்த பற்களுக்கு நடுவே வைத்து, இருக்கிற மூச்சையெல்லாம் கூட்டி, ஒரே ஒரு தடவை ஊதினார்.

ஒரு விசில் என்றால் நில். எந்த டிரைவரும் அதை யார் ஊதினார்கள் என்று யோசிப்பதில்லை. கால் யோசிக்காமல் பிரேக்கில் இறங்கும். வருடக்கணக்கில் ஊறிய பழக்கம் அது. பஸ் வீறிட்டு, பக்கவாட்டில் ஒரு இழுப்பு இழுத்து, பட்டறை வாசலுக்குக் குறுக்கே நின்றது. அதற்குள் டீச்சர் எழுந்து பெயிண்டரின் மனைவியை இழுத்துவிட்டார். பாய்ந்த ஜீப் பஸ்ஸின் வயிற்றில் போய் முட்டி, மூக்கு நசுங்கி, அணைந்தது.

எண்பது தலைகள் ஜன்னல்களில் முளைத்தன.

---

இன்ஸ்பெக்டர் வந்தபோது ஏட்டையாவைப் பயணிகள் நாலு பேர் பிடித்து வைத்திருந்தார்கள். பிடித்தவர்கள் சும்மா பிடித்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது. அவர் முகத்திலிருந்த சிவப்பில் எது பெயிண்ட் என்று இப்போது தெரியவில்லை.

"ஒரு பாட்டை வச்சுக் கேஸ் ஜோடிக்கிறாங்க சார்," என்றார் ஏட்டையா.

டீச்சர் ஜீப்பின் பின்பக்கம் போனார். ஒரு கன்னம் வீங்கியிருந்தது. குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, உங்க அண்ணனைக் கொன்னது யாரு?"

"ஏ…" என்றான் அவன். நீளமாக, சந்தேகத்துக்கு இடம் இல்லாத நெடிலாக. நசுங்கிய கை எழுந்து ஏட்டையாவைக் காட்டியது. பஸ்ஸில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

இன்ஸ்பெக்டர் பெரிய மூச்சு விட்டார். பெயிண்டரின் மனைவியிடமிருந்து தாளை வாங்கிப் படித்தார். வால் போட்ட இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துக்கொண்டார். முகம் மலர்ந்தது.

"சுண்ணாம்பு அடிக்க நான் சொல்லவே இல்லை டீச்சர். ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. என் பேரைக் காப்பாத்திட்டீங்க. இதை நீதிபதிகிட்ட நானே குடுத்துடறேன். தம்பியை நம்ம வண்டியில ஏத்துங்க."

"மூணாவது அடியைத்தானே படிச்சீங்க," என்றார் டீச்சர். "முதல் அடியையும் படிங்க."

அவர் படித்தார். "பூட்டிய கூண்டினுள் போட்டுப் புடைத்தார்கள். அதுக்கென்ன?"

"புடைத்தான் இல்லை சார். புடைத்தார்கள். பன்மை."

இன்ஸ்பெக்டர் சிரிக்க முயன்றார். "மரியாதைக்கு அப்படி எழுதியிருப்பார்."

"மரியாதையா? கொன்னவரையே ஏட்டையான்னு எழுதலை சார் அவர். ஏட்டுன்னுதான் எழுதியிருக்கார். முடிச்சது ஒருத்தர். அதுக்கு முன்னால ரெண்டு நாள் அடிச்சவங்க எத்தனை பேருன்னு அந்த ஒரு 'கள்'ல இருக்கு."

ஏட்டையாவை நோக்கி நீண்ட தம்பியின் கை இன்னும் இறங்கவில்லை. அது காற்றில் மெதுவாக நகர்ந்து, இன்ஸ்பெக்டரின் நெஞ்சுக்கு நேரே வந்து நின்றது. எண்பது தலைகளும் அதோடு சேர்ந்து திரும்பின. சிலர் கையில் போன் இருந்தது. இன்ஸ்பெக்டரின் கையிலிருந்த லத்தி எங்கே போவது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் போனது.

பெயிண்டரின் மனைவி அவர் கையிலிருந்த தாளை உருவிக்கொண்டாள். பயணிகள் தம்பியை ஜீப்பிலிருந்து தூக்கி, பஸ்ஸின் நீள இருக்கையில் படுக்க வைத்தார்கள். அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். "பயப்படாதேடா. இத்தனை பேர் கூட வர்றாங்க," என்றாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான். இந்தத் தடவை முனகவில்லை.

கண்டக்டரைக் கைத்தாங்கலாகப் படிக்கட்டில் ஏற்றினார் டீச்சர்.

"வாயில ரத்தம் வருது. பேசாதீங்க."

"அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டாங்கன்னு எவன் டீச்சர் சொன்னான்," என்றார் கண்டக்டர், பாதி எழுத்துகள் உடைந்த பல் வழியாக ஒழுக. "இங்க மூணுமே உதவியிருக்கு."

டிரைவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். நீதிபதியின் வீடு அந்தப் பஸ் போகிற வழியில் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. யாரும் இறங்கவும் இல்லை. கண்டக்டர் கம்பியை நல்ல கையால் பிடித்துக்கொண்டு, ரத்தம் தோய்ந்த விசிலை வாயில் வைத்தார்.

இரண்டு விசில் என்றால் போகலாம்.